படிவத்தின் நான்காவது கட்டம்

பகலவனுக்கு அரசாங்கம் வேலை கொடுத்ததே அவருக்குக் கடவுள் நம்பிக்கை துளியும் இல்லை என்பதற்காகத்தான்.

கேலி இல்லை, அரசாணையே அப்படித்தான். பருத்திக்குளம் சாலைத் தீர்ப்பாயத்தில் சத்தியமானியை இயக்குகிறவருக்கு ஏதாவது ஒரு பட்டமும், கூடவே சுழிச் சான்றிதழும் இருக்க வேண்டும். வருஷா வருஷம் ஜூன் மாதம் தலைநகருக்குக் கூப்பிட்டு, நெற்றியில் பட்டையைக் கட்டி, முந்நூற்றுப் பதினேழு கடவுள்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுவார்கள். ஒன்றுக்கும் எண் பூஜ்யத்திலிருந்து அசையக்கூடாது. பகலவனுக்குப் பதினொரு வருஷமாக அசைந்ததில்லை. கறுப்புச் சட்டைக்காரரான அவருடைய அப்பா உயிரோடு இருந்திருந்தால், அந்தச் சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டு வரிசையாக மாட்டிவிட்டு, அவற்றுக்கு மாலை போடலாமா கூடாதா என்று குழம்பிப் போயிருப்பார்.

சத்தியமானி பொய்யைக் கண்டுபிடிக்கிற கருவி அல்ல. அந்த மாதிரிக் கருவிகளைப் பொய்யர்கள் எப்போதோ பழகிக்கொண்டார்கள். உண்மை பேசுகிறவர்கள்தான் பயத்தில் வியர்த்து மாட்டிக்கொண்டார்கள். இது வேறு. சத்தியம் செய்கிற ஆளை அந்தச் சத்தியம் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்று மட்டும் பார்க்கும். நெற்றியில் ஒரு பட்டை, உள்ளங்கைக்குக் கீழே ஒரு தகடு. நூற்றுக்கு அறுபது வந்தால் சாட்சியம் செல்லும். ஐம்பத்தொன்பது வந்தால், நேரில் பார்த்ததாகவே இருந்தாலும், டீக்கடைப் பேச்சு. கடவுள் வேண்டாம் என்கிறவர்கள் மனசாட்சியின் மேல் செய்யலாம். அதற்கும் இதே படிவம், இதே அறுபது.

படிவம்தான் வம்பு. வெறுமனே 'கடவுள்' என்று சொன்னால் கருவிக்கு யாரென்று புரியாதாம். அதனால் நான்கு கட்டங்கள்: பெயர், உருவம், இருப்பிடம், செயல். சாட்சி சொல்லச் சொல்லப் பகலவன் தட்டச்சு செய்வார். எண் அவர் முன்னால் இருக்கும் சின்னத் திரையில் மட்டும் பச்சையாகத் தெரியும். அவர் உரக்கப் படிக்க வேண்டும். யாருடைய பக்தி எவ்வளவு என்பது எங்கேயும் சேமிக்கப்படக்கூடாது என்று பெரிய போராட்டம் நடந்து சட்டம் வந்திருந்ததால், கருவியில் எந்தப் பதிவும் தங்காது. பகலவன் வாயால் சொல்வதுதான் பதிவு. 'நேரில் சரிபார்த்தேன்' என்று நீதிபதி கீழே கையெழுத்துப் போடுவார். ஊரில் இந்தக் கருவிக்குச் சாமிப்பொட்டி என்று பெயர்.

இந்தப் பொட்டியை வைத்துப் பிழைக்கக் கற்றவர் வக்கீல் தாணுமாலயன். ஆளில்லாப் பேருந்துகளை ஓட்டும் நிறுவனத்துக்காக வாதாடுகிறவர். தாணு, மால், அயன் என்று மூன்று கடவுள்களை ஒரே பெயரில் சுமந்துகொண்டு திரிந்தவர், அடுத்தவருடைய ஒற்றைக் கடவுளுக்கு விளக்கம் கேட்டே முப்பத்தோரு சாட்சிகளைச் சாய்த்திருந்தார்.

போன மாதம் ஒரு பூசாரி வந்தார். பட்டையைக் கட்டியதும் தொண்ணூற்றொன்று.

"சாமி என்ன உயரம் இருக்கும்?" என்றார் தாணுமாலயன், ரொம்பப் பணிவாக.

"நாலரை அடி."

"கல்லா, ஐம்பொன்னா?"

"கல்லு."

"எடை?"

முப்பது வருஷமாக அபிஷேகம் செய்கிற மனுஷருக்கு அது தெரியாதா? "எண்ணூறு கிலோ இருக்கும்" என்றார் பெருமையாக.

"ஆக, நீங்க பொய் சொன்னா அந்த எண்ணூறு கிலோ கல்லு என்ன செய்யும்?"

பகலவன் பன்னிரண்டு என்று படித்தார்.

அடுத்த வாரம் ஒரு கல்லூரிப் பேராசிரியர். அவர் கெட்டிக்காரர். பெயரற்ற, உருவமற்ற, எங்கும் நிறைந்த பேராற்றல் என்று நான்கு கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்பினார். தாணுமாலயன் எழுந்திருக்கக்கூட இல்லை. பகலவன் ஒன்பது என்று படித்தார்.

அன்று கேண்டீனில் பகலவன் கேட்டேவிட்டார். "எப்படி சார் இது?"

"பூசாரிக்குச் சாமி ரொம்பத் தெளிவு. புரொபசருக்கு ரொம்ப மங்கல்." தாணுமாலயன் வடையைச் சட்னியில் புரட்டினார். "ரெண்டும் ஆளைப் பிடிக்காது. நடுவுல எங்கயோ ஒரு இடம் இருக்கு பகலவன். ஜனங்க அங்கதான் நிக்காங்க. நான் கேள்வி கேட்டு ஒரு பக்கமாத் தள்ளிவிடுதேன். அவ்வளவுதான்."

"அந்த இடம் எதுன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"எனக்கெதுக்குய்யா? தள்ளத் தெரிஞ்சாப் போதாதா?"

பகலவன் சிரித்தார். சொல்லப்போனால் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அப்பா மேடை மேடையாகத் தொண்டை வறளக் கத்தியதை இந்த மனுஷர் நான்கு கேள்வியில் நிரூபிக்கிறார், அதுவும் அரசாங்கச் செலவில். சாய்ந்த சாட்சிகளால் யார் யார் எங்கே போனார்கள் என்று அவர் யோசித்ததில்லை. சங்கிலியின் வழக்கு வருகிறவரை.

சங்கிலியின் முழுப்பெயர் சங்கிலிபூதத்தான். பகலவன் தினமும் ஏறுகிற பேருந்தில் உடனாளர். ஓட்டுவது பேருந்தேதான், ஆனாலும் சட்டப்படி முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் பக்கத்தில் ஒரு சிவப்புக் கைப்பிடி, அவசரத்துக்கு அதை இழுத்தால் பேருந்து தானே ஓட்டுவதை விட்டுவிடும். தை மாதத்தில் ஒருநாள் காலை அந்தப் பேருந்து தெப்பக்குளத்து வளைவில் திரும்பாமல் நேரே போய்ப் பால் பூத்துக்குள் புகுந்தது. பூத்துக்காரருக்குக் கால் முறிந்தது. பேருந்து தவறே செய்யாது, சங்கிலிதான் விளையாட்டாகக் கைப்பிடியை இழுத்தான் என்றது நிறுவனம். நிரூபணமானால் மூன்று வருஷம் சிறை. சங்கிலிக்குப் போன ஆவணியில்தான் கல்யாணமாகியிருந்தது.

அவனைக் காப்பாற்ற ஒரே ஒரு சாட்சி. உச்சிமாகாளி என்ற அவித்த கடலை விற்கிற பெண்மணி, வயது ஐம்பதுக்கு மேல். மோதிய நொடியில் சங்கிலியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி மெஹருன்னிசா தலையசைக்க, பகலவன் பட்டையைக் கட்டிவிட்டார். எண்பத்தெட்டு.

"கைப்பிடியை அவர் இழுக்கலைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் சங்கிலியின் வக்கீல், இலவச சட்ட உதவியில் வந்த ஒரு சின்னப் பெண்.

"அவனுக்குக் கை ஏது? ரெண்டு கையும் எங்கிட்டல்லா இருந்துது. கடலைப் பொட்டலத்த ஒத்தக் கையால வாங்கவே மாட்டான். யார் எது கொடுத்தாலும் ரெண்டு கையையும் ஏந்தித்தான் வாங்குவான், அப்படி ஒரு வளப்பு. பொட்டலம் அவன் கையில விழுந்துது, பஸ்ஸு பூத்துல விழுந்துது."

பகலவனுக்கு அது உண்மையென்று தெரியும். ஒருமுறை அவர் தந்த பழைய செய்தித்தாளைக்கூடச் சங்கிலி இரண்டு கையால்தான் வாங்கினான். ஆனால் அவரிடம் யார் கேட்டார்கள்?

தாணுமாலயன் எழுந்து நீதிபதியைப் பார்த்தார். "எங்க நிறுவனத்தோட பதிவு நீதிமன்றத்துல இருக்கும்மா. கைப்பிடி இழுக்கப்பட்டதா அதுல தெளிவா இருக்கு. அந்தப் பதிவுல ஒரு புள்ளிகூட யாரும் மாத்தலை, நான் பொறுப்பு. இப்ப சாட்சியோட சத்தியத்தைக் கொஞ்சம் பார்ப்போம்." உச்சிமாகாளியின் பக்கம் திரும்பினார். "அம்மா, எந்தச் சாமி மேல சத்தியம் பண்ணினீங்க?"

"சாமி மேலதான்."

"அதான், எந்தச் சாமி? பேர் வேணும்ல?"

"சாமிக்கு எதுக்குய்யா பேரு? நான் என்ன அதக் கூப்பிட்டு வேலையா ஏவப் போறேன்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பகலவன் முதல் கட்டத்தில் 'இல்லை' என்று அடித்தார். எண்பது.

"சரி, உருவம்?"

"ஒரு கல்லு இருந்துது. ரோடு போட வந்தவங்க எடுத்துட்டுப் போயிட்டாவ."

"ஆக, இப்ப உருவமும் இல்ல?"

"இல்ல." எழுபத்திரண்டு.

"அப்ப இப்ப எதைக் கும்பிடுதீங்க?"

"கல்லு இருந்த எடத்த."

"அந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?"

உச்சிமாகாளி கொஞ்சம் தயங்கினார். "பாலம்."

"பாலத்தைக் கும்பிடுதீங்க?"

"பாலத்த எவன் கும்பிடுவான்? அதுக்கு அடியில இருக்குல்லா, அந்த எடம்."

"பாலத்துக்கு அடியில என்னம்மா இருக்கும்? தூண் இருக்கும். தூணையா?"

"தூணில்லய்யா..." என்றவர் நிறுத்திவிட்டார். தூணில்லாமல் வேறென்ன என்று அவருக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. பகலவனுக்கு அந்த முகம் பழக்கமானதுதான். முப்பத்தோரு முறை பார்த்து ரசித்த முகம். இந்தமுறை ரசிக்க முடியவில்லை. கூண்டில் சங்கிலி ஒன்றும் புரியாமல் பகலவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அறுபத்தொன்று" என்று படித்தார்.

இன்னும் இரண்டு போனால் சங்கிலிக்கு மூன்று வருஷம். தாணுமாலயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பூசாரியைச் சாய்த்த அதே கேள்வியை எடுத்தார்.

"பேர் இல்ல, உருவம் இல்ல, இருக்கிற இடமும் உங்களுக்குச் சரியாத் தெரியல. அப்படிப்பட்ட உங்க சாமி, நீங்க பொய் சொன்னா என்னதாம்மா செய்யும்?"

உச்சிமாகாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இதுகூடத் தெரியாமல் இந்த ஆள் எப்படி வக்கீலானார் என்று நினைத்திருக்க வேண்டும்.

"கண்ணக் குத்தும்" என்றார்.

பகலவன் நான்காவது கட்டத்தில் அடித்தார்: கண்ணைக் குத்தும். திரையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"தொண்ணூற்றேழு."

பின்வரிசை ஆட்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தார்கள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு இமையோரத்தை விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டார். தாணுமாலயன் மட்டும் விடவில்லை.

"எதை வச்சுக் குத்தும்? வேலாலயா, விரலாலயா?"

"அத நான் எப்படிச் சொல்லுவேன்? குத்து வாங்குன ஆளத்தான் கேக்கணும்." தொண்ணூற்றெட்டு.

"அம்மா, இது வரையறையே இல்ல!" தாணுமாலயன் நீதிபதியிடம் முறையிட்டார். "மூணு கட்டம் காலியாக் கிடக்கு!"

நீதிபதி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "'சத்தியம் செய்பவரைக் கட்டுப்படுத்தப் போதுமான அளவுக்கு' வரையறை இருக்கணும்னுதான் போட்டிருக்கு. நாலு கட்டமும் நிரம்பணும்னு இல்லையே. தொண்ணூற்றெட்டு போதாதா மிஸ்டர் தாணுமாலயன்?"

"அப்ப கருவியில ஆள் கைவச்சிருக்கு. எனக்குச் சுழிச் சோதனை வேணும்."

பகலவன் நிமிர்ந்தார். கருவிமேல் சந்தேகம் வந்தால் அதை இயக்குகிறவரே பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். சாட்சி சொன்ன அதே வரையறைக்கு அவருக்குப் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கருவி பழுது, சாட்சியம் குப்பைக்கு. பதினொரு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. தாணுமாலயன் தானே வந்து பட்டையை வாங்கி, உள்ளும் புறமும் தடவிப் பார்த்து, தன் நெற்றியில் வைத்தும் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பகலவன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பட்டையைக் கட்டிக்கொண்டார். பயமே இல்லை. முந்நூற்றுப் பதினேழு கடவுள்களை அசையாமல் பார்த்தவர் அல்லவா அவர்?

தகட்டில் கையை வைத்தார். திரையில் வரையறை வந்தது. கண்ணைக் குத்தும்.

இரண்டாம் வகுப்பில், பக்கத்து இருக்கை வேலம்மாளின் கலர் சாக்பீஸை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நான் எடுக்கவில்லை என்று சாதித்தது ஞாபகம் வந்தது. வேலம்மாள் அழவில்லை, டீச்சரிடமும் சொல்லவில்லை. "சாமி கண்ணக் குத்தும்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாமி என்ற சொல்லே நுழையாத வீட்டில், ஏழு வயதுப் பகலவன் ஒரு வாரம் இரண்டு கண்களையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தூங்கினான். அப்பாவிடம் சொல்ல வெட்கம். முந்நூற்றுப் பதினேழு பேர் பட்டியலில் இந்தச் சாமி இல்லை. பெயரே இல்லாததை எந்த அதிகாரி பட்டியலில் சேர்ப்பார்?

திரையில் ஐம்பத்து மூன்று.

ஐம்பத்து மூன்று என்று சொன்னால் வேலை போகும். அது போனால் போகட்டும். கருவி பழுதென்று எழுதிச் சங்கிலியை உள்ளே தள்ளிவிடுவார்கள். பூஜ்யம் என்று சொன்னால் அது பொய். வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார், விடுப்புக் கடிதத்தில் மட்டுமே நூறு தேறும். ஆனால் எதிரில் பச்சை எழுத்தில் கண்ணைக் குத்தும் என்று எழுதி வைத்துக்கொண்டு ஒருநாளும் சொன்னதில்லை.

கூண்டில் சங்கிலி கைகளைக் கூப்பக்கூட இல்லை. எதையோ வாங்கிக்கொள்ளப் போகிறவனைப் போல இரண்டையும் சேர்த்து ஏந்தியபடி நின்றான்.

பகலவன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"பூஜ்யம்" என்றார்.

நீதிபதி மெஹருன்னிசா ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இயக்குபவர் கையெழுத்துக்காகத் தன் பேனாவையே அவரிடம் நீட்டினார். தீர்ப்பு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வியாழக்கிழமை காலை பகலவன் எழுந்தபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. பீளை ஒட்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம்.

"மெட்ராஸ் ஐ" என்றார் மனைவியிடம், அவள் கேட்காமலேயே. "வைரஸ். எல்லாரும் அந்த ஒரே பட்டையைக் கட்டுறாங்கல்ல, அதுலேருந்து தொத்திருக்கும். இதுக்கு வேற விளக்கமே கிடையாது."

"நான் ஒண்ணுமே சொல்லலையே" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போனார். தாணுமாலயனும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பட்டையை நெற்றியில் வைத்துப் பார்த்தவர், வந்திருக்கும். உள்ளிருந்து நீதிபதி வந்தார். அவரும் கறுப்புக் கண்ணாடி. அவர் பட்டையைத் தொடவே இல்லையே என்று பகலவன் யோசித்தார். பிறகு பேனா ஞாபகம் வந்து கொஞ்சம் நிம்மதியாயிற்று.

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு ஓட்டை. அன்று பட்டையை முதலில் கட்டியவர் உச்சிமாகாளி. அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், கண் இரண்டும் துடைத்து வைத்த விளக்காக.

சாட்சியம் செல்லும், சங்கிலி குற்றமற்றவன் என்று தீர்ப்பு. அவன் தீர்ப்பின் நகலை இரண்டு கையாலும் வாங்கினான். அவன் மனைவி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பகலவனுக்கும் கண்ணில் நீர் வந்தது. வைரஸ் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

வெளியே தாணுமாலயன் அவர் தோளைத் தட்டினார். "நடுவுல ஒரு இடம்னு சொன்னேன்ல? அந்தம்மா காட்டிட்டா. பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். கண்ணுல குத்துற அளவுக்குக் கூர்மையா இருந்தாப் போதும்." கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே வழிந்ததைக் கைக்குட்டையால் ஒற்றியபடி போய்விட்டார்.

நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"பகலவன், நான் உட்கார்ற இடத்துலேருந்து உங்க மூக்குக்கண்ணாடி நல்லாத் தெரியும். அதுல உங்க திரையும் தெரியும்."

பகலவனின் கை தானாகவே கண்ணாடிக்குப் போயிற்று.

"பச்சையா ரெண்டு இலக்கம். பூஜ்யத்துக்கு எதுக்கு ரெண்டு இலக்கம்னு யோசிச்சேன்." அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் சிவந்திருந்தன. "யோசிச்சுட்டு, 'நேரில் சரிபார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டேன். சொட்டு மருந்து என்ன போடுறீங்க?"

பகலவன் மருந்தின் பெயரைச் சொன்னார். அவர் குறித்துக்கொண்டார்.

பேருந்து நிறுத்தத்தில் உச்சிமாகாளி கடலைக் கூடையோடு நின்றிருந்தார். பகலவனைப் பார்த்ததும் ஒரு பொட்டலம் மடித்து நீட்டினார். அவர் தன்னை அறியாமல் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார்.

"கண்ணுக்கு என்னய்யா?"

"மெட்ராஸ் ஐ."

"ஆமாமா." உச்சிமாகாளி ரொம்ப நேரம் அவரைப் பார்த்தார். "அடுத்தவனுக்காகச் சொன்னதுன்னா பட்டும் படாமத்தான் குத்தும். மூணு நாளுல சரியாப் போயிரும்."

"இல்லம்மா, இது வைரஸ். மூணு நாள், அஞ்சு நாள், ஆளைப் பொறுத்து..." என்றவர், நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார். "மூணு நாளுன்னா, வியாழக்கிழமையச் சேர்த்தா, சேர்க்காமலா?"

"ரொம்ப வெளக்கம் கேக்காதிய" என்றார் உச்சிமாகாளி. "கொறஞ்சு போயிரும்."

சனிக்கிழமை மாலை பகலவனுக்குக் கண் தெளிந்தது. நீதிபதிக்கும் அன்றே. ஆளுக்கு ஆள் எதிர்ப்புச் சக்தி மாறும், அறிவியல் அதைத் தெளிவாகச் சொல்கிறது என்று பகலவன் மனைவிக்கு அரைமணி நேரம் விளக்கினார். நிறுவனத்தின் பதிவுக்கு 'நான் பொறுப்பு' என்று சொன்ன தாணுமாலயனுக்கு மட்டும் பதினெட்டு நாள் ஆயிற்று.